ஹேமர்ஸ்மித்திலிருந்து ஒரு கடிதம்: வாசகர் கேள்வி – பதில்

மின் தந்தியின் தொடக்க காலம் பற்றிய ஒரு கேள்விக்குச் சென்ற இதழில் விடையளித்தபோது, 1816-ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் ரொனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதத்தையும், அதற்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி அனுப்பிய சுருக்கமான மறுப்பையும் ஓரிரு வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரிகளைப் படித்த வாசகர்கள் பலர் மேலும் விவரம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*அந்தக் கடிதத்தில் ரொனால்ட்ஸ் உண்மையில் என்ன எழுதியிருந்தார்? முழு விவரம் தர இயலுமா?*
– வாசகர், தஞ்சாவூர்

லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹேமர்ஸ்மித் என்னும் ஊரின் அப்பர் மால் தெருவிலிருந்து, 1816 ஜூலை 11 அன்று எழுதப்பட்ட கடிதம் அது. அட்மிரால்டியின் முதன்மைப் பொறுப்பில் இருந்த மெல்வில் பிரபுவின் பெயருக்கு அது எழுதப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் நேரில் அறிமுகமில்லாத பெரிய மனிதர்களுக்கு எழுதும்போது, எழுதுபவர் தம்மையே படர்க்கையில் குறிப்பிட்டுக்கொள்வது மரியாதையாகக் கருதப்பட்டது. அதனால் இந்தக் கடிதத்தில் "நான்" என்ற சொல்லே வருவதில்லை. திரு. ரொனால்ட்ஸ் மெல்வில் பிரபுவுக்குத் தம் பணிவான வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறார் என்று அது தொடங்குகிறது. சில மின்சாரச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தபோது, செய்திகளை மிகுந்த வேகத்தோடும் பிழையின்றியும் உறுதியாகவும், எந்த வானிலையிலும், இரவாயினும் பகலாயினும், குறைந்த செலவில் அனுப்பும் ஒரு முறை தமக்குத் தோன்றியதாகவும், அதனைப் பிரபுவின் கவனத்துக்குக் கொண்டுவரத் துணிவதாகவும் அடுத்து வருகிறது. அந்த முறை நடைமுறைக்கு ஏற்றதா என்பதைத் தாம் சிரமப்பட்டுச் சோதித்திருப்பதாகவும், அதனைப் பார்த்த சில கனவான்கள் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட எல்லா டெலிகிராஃப் முறைகளையும்விட இதில் முக்கியமான நன்மைகள் இருப்பதாகக் கருதுவதாகவும் அவர் சொல்கிறார். இறுதியில், பிரபு தம் இல்லத்துக்கு வருகை தந்தால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சோதனையை நேரில் செய்துகாட்ட முடியும் என்றும், அது வசதிப்படாவிட்டால் தம்மை அழைத்துப் பேச ஒரு நேரம் குறித்துத் தந்தாலும் மகிழ்ச்சி என்றும் கேட்டுக்கொள்கிறார்.

கடிதம் அவ்வளவுதான். ஆனால் அதன் சொற்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். "எந்த வானிலையிலும்", "இரவாயினும் பகலாயினும்" என்னும் சொற்கள் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. அன்று அட்மிரால்டி பயன்படுத்திய டெலிகிராஃப் என்பது, குன்றின் மேல் குன்றாக அமைந்த நிலையங்களில் பலகைகளையோ கைகளையோ அசைத்துக் காட்ட, அடுத்த நிலையத்தில் இருப்பவர் தொலைநோக்கியால் பார்த்து மேலே அனுப்பும் முறை. மூடுபனி விழுந்தால் அது நின்றுபோகும்; இருட்டிய பின் அதனால் பயன் இல்லை; நிலையந்தோறும் ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த மூன்று குறைகளையும் நன்கு அறிந்தவர், அவற்றால் நாள்தோறும் அவதிப்படும் அலுவலகத்துக்கு, ஒரே வாக்கியத்தில் தீர்வு சொல்கிறார். தம் கருவியைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ ஒரு சொல்கூட எழுதாமல், அதன் பயனை மட்டும் சொல்லி, வந்து பாருங்கள் என்று அழைக்கும் கடிதம் இது. என் பார்வையில் அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

*ரொனால்ட்ஸ் யார்? அவர் வீட்டில் அப்படி என்ன இருந்தது? ஒரே ஒரு கம்பியில் எழுத்துகளை எப்படி அனுப்பினார்?*
– வாசகர், பாளையங்கோட்டை

1788-இல் லண்டனில் பிறந்தவர். பாலாடைக்கட்டி மொத்த வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. 1806-இல் தந்தை இறந்தபோது, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் வியாபாரப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வியாபாரத்தில் அவருக்கு நாட்டம் இல்லை. மூத்த இயற்கை ஆய்வாளரான ழான் ஆந்த்ரே தெலுக்கின் ஊக்கத்தால் அவர் மின்சார ஆய்வில் முழுமையாக இறங்கினார். கடிதம் எழுதியபோது அவருக்கு வயது 28.

அவருடைய தோட்டத்தில் 60 அடி இடைவெளியில் இரண்டு பெரிய மரச்சட்டங்கள் நின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் 19 குறுக்குக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் 37 கொக்கிகள். கொக்கிகளில் பட்டுக் கயிறுகளைக் கட்டி, அவற்றின் வழியாக இரும்புக் கம்பியை ஒரு சட்டத்திலிருந்து மற்றொரு சட்டத்துக்கு முன்னும் பின்னுமாக இழுத்துச் சென்றார். பட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்காப்புக்கு அது உதவியது. இப்படி அந்தச் சிறிய தோட்டத்துக்குள் எட்டு மைல் நீளக் கம்பி தொங்கிற்று. 19, 37, 60 அடி ஆகிய எண்களைப் பெருக்கிப் பார்க்கும் வாசகர்கள், எட்டு மைல் என்பது மிகைக்கூற்று அல்ல என்பதைத் தாங்களே கண்டுகொள்ளலாம்.

அவர் கையாண்டது உராய்வால் உண்டாகும் நிலைமின்சாரம். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை ஓர்ஸ்டெட் கண்டறிந்தது 1820-இல்தான்; ஆகவே 1816-இல் காந்தத்தை நம்பி எந்தக் கருவியும் செய்ய வழியில்லை. கம்பியின் இரு முனைகளிலும், மெல்லிய நூலில் தொங்கும் ஒரு ஜோடி நெட்டிப் பந்துகளை அவர் இணைத்தார். உராய்வு இயந்திரத்தால் கம்பிக்கு மின்னேற்றம் கொடுத்தால், இரு முனைகளிலும் பந்துகள் ஒன்றையொன்று விலக்கி விரிந்து நிற்கும். கம்பியைத் தொட்டு மின்னேற்றத்தை வெளியேற்றினால், அதே கணத்தில் இரு முனைகளிலும் பந்துகள் சுருங்கிச் சேரும். அவரிடம் இருந்த ஒரே குறி இதுதான்: விரிதல், சேர்தல்.

இந்த ஒற்றைக் குறியிலிருந்து எழுத்துகளைப் பெற அவர் காலத்தைத் துணைக்கு அழைத்ததே, அவருடைய சிந்தனையின் சிகரம் என்று நான் கருதுகிறேன். இரு முனைகளிலும் ஒரே சீராக ஓடும் ஒரு கடிகாரத்தை வைத்து, அதன் விநாடி அச்சில் வட்டமான ஒரு பித்தளைத் தட்டைப் பொருத்தினார். தட்டு இருபது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு முன்னறிவிப்புக் குறி ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் அதிகம் தேவைப்படாதவை என்று அவர் கருதிய ஆறினை விட்டுவிட்டார். சுழலும் தட்டுக்கு முன்னால் அசையாத மூடி ஒன்று. அதில் ஒரு சிறு திறப்பு. தட்டு சுழலச் சுழல, திறப்பில் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றி மறையும். இரு கடிகாரங்களும் இசைந்து ஓடுவதால், எந்தக் கணத்திலும் இரு முனைகளிலும் தெரிவது ஒரே எழுத்துதான். அனுப்புபவர், தமக்கு வேண்டிய எழுத்து திறப்பில் தோன்றும் கணத்தில் கம்பியின் மின்னேற்றத்தை வெளியேற்றுவார்; பெறுபவர், பந்துகள் சுருங்கும் கணத்தில் தம் திறப்பில் எந்த எழுத்து தெரிகிறதோ அதனைக் குறித்துக்கொள்வார். கடிகாரங்கள் இசையாமல் போனால் சரிசெய்துகொள்வதற்குத் தொடக்கக் குறி ஒன்றை வைத்திருந்தார். செய்தி வரப்போகிறது என்று எதிர்முனையில் இருப்பவரை எழுப்ப, வாயு நிரப்பிய ஒரு சிறு துப்பாக்கி இருந்தது. கம்பி வழியாக வரும் தீப்பொறி பட்டதும் அது வெடித்து ஓசை எழுப்பும்.

இதற்கு முன் மின்சாரத்தால் செய்தி அனுப்பலாம் என்று சொன்னவர்களில் சிலர், எழுத்துக்கு ஒரு கம்பி வேண்டும் என்று எண்ணினார்கள். ஒரே கம்பி போதும் என்பதை ரொனால்ட்ஸ் செய்தே காட்டினார்.

தோட்டத்தில் தொங்கிய கம்பியோடு அவர் நின்றுவிடவில்லை. 525 அடி நீளமும் நான்கு அடி ஆழமும் உள்ள ஒரு பள்ளம் வெட்டி, உள்ளும் புறமும் கீல் பூசிய இரண்டங்குல மரத்தொட்டியை அதில் பதித்து, தொட்டிக்குள் தடித்த கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, அவற்றினூடே கம்பியைச் செலுத்தினார். நிலத்தடிக் கம்பியை விஷமிகள் தோண்டி அறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் பின்னர் எழுதிய பதில் படிக்கத்தக்கது: அகப்பட்டால் தூக்கிலிடுங்கள், அகப்படாவிட்டால் சபியுங்கள், எப்படியானாலும் கம்பியை உடனே சரிசெய்துவிடுங்கள் என்றார்.

*இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை ஒரே வரியில் நிராகரித்த அந்த அதிகாரியை அறிவிலி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?*
– வாசகர், ஈரோடு

தங்களுடைய கோபம் புரிகிறது. எனினும் அந்த அதிகாரிக்கு நியாயம் செய்துவிட்டே தீர்ப்புக்கு வர வேண்டும்.

பதிலை அனுப்பியவர் அட்மிரால்டியின் செயலாளர்களில் ஒருவரான ஜான் பேரோ. நாள் ஆகஸ்ட் 5. திரு. பேரோ திரு. ரொனால்ட்ஸுக்குத் தம் வணக்கத்தைத் தெரிவித்து, இம்மாதம் 3-ஆம் தேதிய அவருடைய குறிப்பு தொடர்பாக, எந்த வகையான டெலிகிராஃபும் இப்போது முற்றிலும் தேவையற்றது என்பதையும், இப்போது பயன்பாட்டில் உள்ளதைத் தவிர வேறெதுவும் ஏற்கப்படமாட்டாது என்பதையும் அறிவிக்கிறார் என்பதே அதன் முழு உள்ளடக்கம். இதில் ஒரு சிறு விவரத்தைக் கவனியுங்கள். பேரோ குறிப்பிடுவது ஜூலை 11 கடிதத்தை அல்ல, ஆகஸ்ட் 3-ஆம் தேதிய குறிப்பை. அதாவது, முதல் கடிதத்துக்குப் பின் ரொனால்ட்ஸ் மீண்டும் எழுதியிருக்கிறார். ஒரே கடிதம், ஒரே மறுப்பு என்று இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது; உண்மையில் அது ஏறத்தாழ மூன்றரை வாரம் நீடித்த ஒரு முயற்சி.

பேரோ அறிவிலி அல்லர். வட துருவக் கடற்பயணங்களைப் பல ஆண்டுகள் முன்னின்று ஊக்குவித்தவர் அவர். கனடாவின் பேரோ நீரிணையும் அலாஸ்காவின் பேரோ முனையும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. அவர் அமர்ந்திருந்த அலுவலகத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1815 ஜூனில் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து டீல், போர்ட்ஸ்மத், பிளிமத், யார்மத் துறைமுகங்களுக்கு அமைக்கப்பட்டிருந்த பலகை டெலிகிராஃப் நிலையங்கள், சமாதானம் வந்ததும் செலவு மிச்சம் என்று மூடப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, கடற்படை அதிகாரி ஹோம் பாப்ஹம் வடிவமைத்த, கம்பத்தில் பொருத்திய கைகளை அசைத்துக் குறிகாட்டும் செமஃபோர் முறையை லண்டன்–சாத்தம் வழியில் அந்த 1816-ஆம் ஆண்டிலேயே அட்மிரால்டி சோதித்துக்கொண்டிருந்தது. எதிரி இல்லை, பணம் இல்லை, புதிய முறை ஒன்றும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. அந்த வேளையில் வந்த இன்னொரு டெலிகிராஃப் விண்ணப்பம் தேவையற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, பேரோவின் அலுவலகத்தின் மீது எனக்கு ஒரு குறை உறுதியாக உண்டு. 1823-இல் தாம் வெளியிட்ட நூலில் ரொனால்ட்ஸ் எழுதியிருப்பதன்படி, தம்முடைய கோரிக்கையைப் பெற்ற மெல்வில் பிரபு, தம் அலுவலரான ஹே என்பவரை ரொனால்ட்ஸைச் சந்திக்குமாறு பணித்திருந்தார். ஆனால் கண்டுபிடிப்பின் தன்மை என்ன என்பதே, ஹெனிக்கர் பிரபு, கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் டாக்டர் ரீஸ், வேதியியலாளர் பிராண்ட், சில நண்பர்கள் ஆகியோரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாதிருந்த நிலையில் பேரோவின் மறுப்பு வந்து சேர்ந்துவிட்டது. அட்மிரால்டி இருந்த வைட்ஹாலிலிருந்து ஹேமர்ஸ்மித் ஏறத்தாழ ஐந்து மைல். தோட்டத்தில் தொங்கிய கம்பி அந்தச் சாலையைவிட நீளமானது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது ஒரு முடிவு. பாராமலே வேண்டாம் என்றது கடமையில் தவறியதாகும். சமாதான காலத்து நிதி நெருக்கடி ஒரு கருவியை வாங்காததற்குக் காரணமாகலாம். ஓர் எழுத்தரை அரை நாள் அனுப்பிவைக்காததற்குக் காரணமாகாது.

*ரொனால்ட்ஸுக்கு முன் மின்சாரத்தால் செய்தி அனுப்பும் எண்ணம் யாருக்கும் தோன்றவில்லையா?*
– வாசகி, புதுச்சேரி

தோன்றியது. அந்த எண்ணத்தை வெளியிட்ட முதல் எழுத்தும் ஒரு கடிதமே என்பது தங்களுக்குச் சுவையாக இருக்கும். ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ ஊரிலிருந்து 1753-இல் ஒருவர் "ஸ்காட்ஸ் மேகசின்" இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்துக்கு ஒன்றாகக் கம்பிகளை இழுத்து, மின்னேற்றம் பெற்ற கம்பியின் முனை காகிதத் துண்டைக் கவர்வதைக் கொண்டு எழுத்தை அறியலாம் என்பது அதன் கருத்து. தம் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை மட்டுமே இட்டார். அவர் யார் என்பது இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. 1774-இல் ஜெனீவாவில் லெ சாஜ் என்பவர் பல கம்பிகளைக் கொண்ட ஒரு கருவியைச் செய்தார். 1809-இல் மியூனிக்கில் ஸோமெரிங், வோல்டாவின் மின்கல அடுக்கைப் பயன்படுத்தி, நீரில் எழும் வாயுக் குமிழிகளால் எழுத்தைக் காட்டினார். ரொனால்ட்ஸை முதல்வர் என்று சொல்லும்போது, எண்ணத்தில் முதல்வர் என்ற பொருள் அதற்கு இல்லை; மைல் கணக்கில் கம்பி இழுத்து, நடைமுறைக்கு உரிய முழு அமைப்பு ஒன்றை இயக்கிக்காட்டியவர்களில் முன்னவர் என்பதே சரி.

*அட்மிரால்டி அன்றே ஏற்றிருந்தால் இங்கிலாந்துக்கு மின் தந்தி இருபது ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்திருக்கும் அல்லவா?*
– வாசகர், கோயம்புத்தூர்

அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ரொனால்ட்ஸிடம் எனக்கு உள்ள மதிப்பு, அவருடைய கருவியின் குறைகளை மறைக்கும்படி என்னைத் தூண்டவில்லை.

தட்டு விநாடி அச்சில் சுழல்வதால், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். வேண்டிய எழுத்து அப்போதுதான் திறப்பைக் கடந்து போயிருந்தால், அது மீண்டும் வரும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் குறையை அவரும் அறிந்திருந்தார். அதனால்தான் முழுச் சொற்களையும் சொற்றொடர்களையும் எண்களால் குறிக்கும் ஓர் அகராதியைச் சேர்த்துக்கொண்டார். நிலைமின்சாரத்தின் இயல்பு இதைவிடப் பெரிய தடை. ஈரக்காற்றில் அது கசிந்துபோகும். இங்கிலாந்தின் மழையிலும் பனியிலும், நூறு மைல் கம்பியில், பட்டுக் கயிறுகளையும் கண்ணாடிக் குழாய்களையும் நம்பி அந்த மின்னேற்றத்தைக் காப்பது எளிதாக இருந்திராது. 1837-இல் குக், வீட்ஸ்டன் இருவரும் காப்புரிமை பெற்ற தந்தி வெற்றி பெற்றதற்கு, இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மின்னோட்டம், காந்தம், மின்கலம் ஆகிய மூன்று துறைகளிலும் ஏற்பட்ட வளர்ச்சியே காரணம்.

ஆனால் இழப்பு வேறொரு வகையில் நேர்ந்தது என்று நினைக்கிறேன். அரசு ஒரு சிறு தொகை கொடுத்து லண்டனிலிருந்து அருகிலுள்ள ஏதேனும் ஓர் ஊருக்குக் கம்பி பதிக்கச் சொல்லியிருந்தால், மின்காப்பு, பதிக்கும் முறை, பழுது கண்டுபிடிக்கும் முறை ஆகியவற்றில் இருபது ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றார்கள். ரொனால்ட்ஸ் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். கண்ணாடிக்குள் இட்டு மண்ணில் புதைத்த நீண்ட கம்பி, மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் லேடன் ஜாடியைப் போலவே நடந்துகொள்ளக்கூடும், ஆகவே குறி பரவுவதில் தாமதம் நேரலாம் என்று அவர் 1823-இலேயே எழுதினார். அந்த விளைவு 1850-களில் நிலத்தடி, கடலடிக் கம்பிகளில் உண்மையாகவே தலைகாட்டியபோது, அதனை ஆராய்ந்து விளக்க ஃபாரடேயே வரவேண்டியிருந்தது.

அட்மிரால்டி விடாமல் பற்றிக்கொண்ட செமஃபோரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லண்டன்–போர்ட்ஸ்மத் செமஃபோர் வரிசை 1822-இல் தொடங்கியது. 1847 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்தது மின் தந்திதான்.

*மறுக்கப்பட்ட பிறகு ரொனால்ட்ஸ் போராடியிருக்கலாமே? காப்புரிமை ஏன் பெறவில்லை?*
– வாசகர், யாழ்ப்பாணம்

அவருடைய குணத்தில் இதற்கு விடை இருக்கிறது. தந்திக்கு அவர் காப்புரிமை பெறவே இல்லை. தமக்கு ஏமாற்றம் மிகச் சிறிதுதான், மனக்கசப்பு நிழலளவும் இல்லை, ஏனென்றால் டெலிகிராஃப் விண்ணப்பங்கள் அட்மிரால்டிக்கு நெடுங்காலமாகவே பெருந்தொல்லையாக இருந்துவந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று 1823 நூலில் எழுதினார். அவர் உண்மையாகவே அப்படித்தான் உணர்ந்தார் என்று நம்புகிறேன். ஏனெனில் அதே நூலில் தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் படம் வரைந்து விளக்கி, எவரும் செய்துகொள்ளலாம் என்ற வகையில் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரைட்டனில் இருக்கும் அரசர் லண்டனில் இருக்கும் அமைச்சர்களோடு கம்பி வழியாக ஆலோசனை நடத்தலாமே, நாடெங்கும் மின்சார உரையாடல் நிலையங்கள் ஏன் இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் கேட்கிறார்.

என் கருத்தில், அவர் தவறான கதவைத் தட்டினார். அந்தக் கேள்விகளில் தெரியும் பயன்கள் வணிகர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பொதுமக்களுக்கும் உரியவை. போர் முடிந்த கடற்படைக்கு உரியவை அல்ல. ஆனால் 1816-இல் இங்கிலாந்தில் டெலிகிராஃப் நடத்திய நிறுவனம் என்றால் அது அட்மிரால்டி ஒன்றுதான். பெருமளவில் தந்தியைத் தேவைப்படச் செய்த இரயில் பாதைகள் அன்று பிறக்கவே இல்லை. 1837-இல் யூஸ்டன்–கேம்டன் டவுன் இரயில் பாதையிலும், 1839-இல் பாடிங்டனிலிருந்து வெஸ்ட் டிரேட்டன் வரையிலும் குக், வீட்ஸ்டன் கருவிகள் அமைந்தது தற்செயல் அல்ல.

ரொனால்ட்ஸ் 1818 முதல் 1820 வரை எகிப்து, சிரியா, கிரீஸ் முதலிய நாடுகளில் பயணம் செய்தார். திரும்பி வந்து, காட்சிகளைத் தூரப் பரிமாணம் பிறழாமல் வரைய உதவும் ஒரு கருவியைச் செய்து, அதற்கு 1825-இல் காப்புரிமை பெற்றார். 1840-களில் கியூ வானாய்வு நிலையத்தின் கௌரவ இயக்குநராகி, வெப்பமானி, காற்றழுத்தமானி முதலியவற்றின் மாற்றங்களை இடையறாது புகைப்படத்தில் பதிவுசெய்யும் கருவிகளை 1845-இல் உருவாக்கினார். வானிலை ஆய்வாளர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காக.

*தந்தி என்றாலே மோர்ஸ் பெயரைத்தான் பள்ளியில் படித்தோம். மோர்ஸ் இவரைப் பின்பற்றினாரா?*
– மாணவி, மதுரை

இல்லை. அமெரிக்க ஓவியரான சாமுவேல் மோர்ஸ் தந்தியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது 1832-இல், ஐரோப்பாவிலிருந்து "ஸல்லி" என்னும் கப்பலில் ஊர் திரும்பிய போது. மின்காந்தத்தைக் கொண்டு காகிதத்தில் குறி பதிப்பது அவருடைய வழி. 1844 மே மாதத்தில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே அது பொதுமக்கள் முன் இயங்கியது. இருவர் வழிகளும் வேறு.

*நம் நாட்டுத் தந்திக்கும் ரொனால்ட்ஸுக்கும் தொடர்பு உண்டா?*
– ஓய்வுபெற்ற தந்தி ஊழியர், திருச்சிராப்பள்ளி

நேரடித் தொடர்பு இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் ஓஷாக்னஸி, 1839-இல் அந்நகருக்கு அருகே நீண்ட கம்பிகளை இழுத்துத் தம் சோதனைகளை நடத்தினார். அவர் மேற்பார்வையில் கல்கத்தா–டைமண்ட் ஹார்பர் தந்தி 1851-இல் செயற்பாட்டுக்கு வந்தது. 1855-இல் சென்னை உள்ளிட்ட நகரங்களை இணைத்த தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தாங்கள் பணியாற்றிய துறை அந்த வழியில் வளர்ந்தது. 2013 ஜூலையில் அந்தச் சேவை முடிவுற்றதைத் தங்களைப் போன்றவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

*அந்தக் கடிதமும் கம்பியும் இன்று எங்கே? பார்க்க முடியுமா? ரொனால்ட்ஸுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?*
– வாசகர், சென்னை

மரியாதை கிடைத்தது, மிகத் தாமதமாக. 1870-இல், தந்தித் துறையில் அவர் முற்காலத்தில் ஆற்றிய குறிப்பிடத்தக்க உழைப்புக்காக என்று காரணம் கூறி, அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 82. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1873 ஆகஸ்டில் காலமானார்.

அவர் புதைத்த கம்பியின் பகுதிகள் பின்னாளில் தோண்டி எடுக்கப்பட்டன. கண்ணாடிக் குழாயும் மரத்தொட்டியுமாக ஒரு பகுதி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அப்பர் மாலில் இருந்த வீடு இன்றும் நிற்கிறது. வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் 1878 முதல் அதில் வாழ்ந்து அதற்குக் கெல்ம்ஸ்காட் இல்லம் என்று பெயரிட்டதால், அங்கு செல்பவர்களில் பலர் மோரிஸுக்காகவே செல்கிறார்கள். 1816-ஆம் ஆண்டுத் தந்தியைக் குறிக்கும் கல்வெட்டும் அங்கு உண்டு.

கடிதத்தின் வாசகமும் பேரோவின் பதிலும் 1884-இல் ஜே. ஜே. ஃபாகி வெளியிட்ட மின் தந்தி வரலாற்றில் அச்சாகியுள்ளன. அதனால்தான் இன்று நாம் அவற்றை வரிக்கு வரி படிக்க முடிகிறது. ரொனால்ட்ஸின் தாள்களும், மின்சாரம், காந்தம் பற்றி அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும், லண்டனில் உள்ள பொறியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவர் தொகுத்த நூற்பட்டியல் 1880-இல் அச்சானபோது அதில் 13,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. லண்டன் செல்லும் வாசகர்கள், அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி, எந்தத் தாளைப் பார்க்க விரும்புகிறார்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது.